நல்ல தண்ணி மீன்

ஆனி மாதம். சோளகக் காற்று வீசத் தொடங்கியிருந்தது. கல்லூரியின் பழைய அதிபர் ஒருவர் காலமாகிவிட்டதால் அன்று மதியத்தோடு வகுப்புகளை விட்டுவிட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு யன்னலோரமாக இடம் கிடைத்தது. மடியில் மாணவர்களின் பயிற்சிக் கொப்பிகள்.

வேலணை தாண்டிச் சரவணையை நெருங்கும்போது பஸ்ஸுக்கு முன்னால் ஒரு மாட்டுவண்டி போய்க்கொண்டிருந்தது. பஸ் அதன் பின்னால் ஊர்ந்தது. வீதியோரமாக ஒரு பெண் தண்ணீர் சுமந்து போனாள். இடுப்பில் குடம், மறு கையில் வாளி. வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டிருந்தாள். வாளித் தண்ணீர் அலம்பிச் சிந்தாமலிருக்க அதன் மேல் ஒரு பூவரசம் இலையை மிதக்கவிட்டிருந்தாள்.

பஸ்ஸுக்கு வழிவிடுவதற்காக வேலியோடு ஒதுங்கி நின்று முகத்தைத் திருப்பினாள். அவள் என் மனைவி நாகேஸ்வரி.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

புழுதிக்காக மூடினேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புழுதி இருந்தது உண்மை. ஆனால் வண்டி விலகி, பஸ் வேகமெடுத்து, நான் இறங்க வேண்டிய ஒழுங்கை முகப்பில் நின்றபோதும் என் கண் மூடியபடியே இருந்தது. நான் இறங்கவில்லை.

போன கிழமை இந்தத் தொடரில் கல்லூரி ஆய்வுகூடத்தைப் பற்றி எழுதும்போது, கழித்துவிட்ட கண்ணாடித் தொட்டியொன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ரொறன்ரோவிலிருந்து மகள் தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா, அம்மாவின்ர கை முறிஞ்சது அந்தத் தொட்டியாலதான் எண்டு ராசம் மாமி ஒருக்காச் சொன்னவ. உண்மையே?"

கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள் என்பதுதான் எங்கள் வீட்டில் சொல்லி வந்த கதை. அது பொய்யில்லை, பாதி. மீதியை மகளுக்குத் தொலைபேசியில் சொல்ல வரவில்லை. எழுதினால் வரும் போலிருக்கிறது.

கழித்துவிட்ட தொட்டி

நான் விலங்கியல் ஆசிரியர். ஆய்வுகூடத்துக்குப் புதுத் தொட்டி வந்தபோது பழையதை ஓரத்தில் போட்டார்கள். ஒரு மூலையில் சிறு கீறல். மெழுகும் தாரும் உருக்கி அடைத்தால் இன்னும் பல வருடம் இருக்கும். கேட்டேன், தந்தார்கள். அதைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். கொண்டக்டர் அதற்கும் ஒரு சீட்டு எடுக்கச் சொன்னார்.

வீட்டில் நானும் நாகேசும் மட்டும். மகள் பிறப்பதற்கு முந்திய காலம். விடியற்காலை முதல் பஸ்ஸில் போவேன். வகுப்பு, அதற்குப் பிறகு பரீட்சை மாணவர்களுக்கு மேலதிகப் பாடம். வீடு வரும்போது லாம்பு கொளுத்தியிருக்கும். எங்கள் பக்கத்துக்கு அப்போது மின்சாரம் வரவில்லை.

முதலில் யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் வால் நீண்ட சின்ன வண்ண மீன்கள் பத்து வாங்கி விட்டேன். பகலெல்லாம் அவை ஓடித் திரியுமாம். நாகேஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் வந்து லாம்பைத் தொட்டிக்குக் கிட்டப் பிடித்தால், நிறம் வெளிறி, மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும்.

"என்ன, ஒண்டும் அசையுதில்லை?" என்று கேட்டேன்.

"அவை பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போயிட்டினம்," என்றாள் நாகேஸ். "நீங்கள்தான் இன்னும் வகுப்பெடுக்கிறியள்."

அன்றுதான் தீர்மானித்தேன். நான் வீட்டில் இருக்கும் நேரம் இருட்டு நேரம். அந்த நேரத்தில் விழித்திருக்கும் மீன்களே எனக்கு வேண்டும்.

காணாததைக் கேட்டேன்

இரவில் விழிக்கும் மீனைத் தெரிவு செய்வது தனி வேலை. கல்லூரி நூலகத்தில் இருந்த ஆங்கிலப் புத்தகங்களில் அதற்கு அதிகம் இல்லை. எனக்குத் தெரிந்த விலங்கியலை வைத்து நானே சில அடையாளங்களை எழுதிக்கொண்டேன். வாயருகே மீசை இருக்க வேண்டும். இருட்டில் அதுதான் கை. நிறம் மங்கலாக இருக்க வேண்டும். இரவில் யாருக்கும் உடுப்புக் காட்டத் தேவையில்லை. பகலில் நுழைந்து கிடக்க ஒரு பொந்து வேண்டும்.

மார்கழி விடுமுறையில் விடைத்தாள் திருத்தக் கொழும்புக்குப் போயிருந்தபோது, வண்ண மீன் விற்கும் ஒரு கடையைத் தேடிப் போனேன். கடைக்காரர் பளபளக்கும் மீன்களையெல்லாம் காட்டினார். "எந்தத் தொட்டியில் மீன் இருந்தும் காணப்படவில்லையோ, அதைக் காட்டுங்கள்" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு மூலைத் தொட்டியில் கவிழ்ந்திருந்த சட்டியைத் தூக்கினார். அதன் அடியில் மூன்று கெளிற்று மீன்கள், சட்டியின் உட்புறத்தில் வயிறு மேலாக ஒட்டிக் கிடந்தன. ஆபிரிக்காவிலிருந்து வந்த சாதியாம். தலைகீழாகவே நீந்துமாம். மீசை இருந்தது. நிறம் சேற்று நிறம். மூன்றையும் வாங்கினேன்.

மூடியில் துளை போட்ட பிஸ்கட் ரின்னில் தண்ணீர் விட்டு, இரவு ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எப்போதும் ஏதாவது ஒன்று என் மடியில் இருந்திருக்கிறது, பாருங்கள். நாகேஸ் எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டு, ரின்னுக்குள் எட்டிப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"இஞ்சாருங்கோ, மூண்டும் செத்துப்போச்சு."

"இல்லை. அதின்ர பழக்கம் அது."

"வயிறு மேல கிடக்கு."

"அப்பிடித்தான் நீந்தும்."

"இவ்வளவு தூரம் போய்த் தலை எது கால் எது எண்டு தெரியாததுகளையே வாங்கி வந்தனீங்கள்?" என்றாள். ஆனால் அன்று மாலை முழுவதும் தொட்டியை விட்டு அவள் அசையவில்லை.

இரவு மீனுக்கு வெள்ளை வெளிச்சம் ஆகாது. சிவப்பு வெளிச்சம் அதன் கண்ணுக்கு அவ்வளவாகப் படாது. பட்டம் கட்டுகிற சிவப்பு ரிசுத் தாளைத் தொட்டியின் ஒரு பக்கக் கண்ணாடியில் ஒட்டி, அதன் பின்னால் லாம்பை வைத்தேன். அறை முழுவதும் செம்பருத்திப் பூவைப் பிழிந்து ஊற்றியது போலாயிற்று. சட்டிக்குள்ளிருந்து முதலில் ஒரு மீசை வந்தது. பிறகு மூன்று கெளிறும் வெளியே வந்து, தண்ணீரின் மேற்பரப்பைக் கீழிருந்து மேய்ந்தன.

"இப்ப இவை முழிச்சிருக்கினம். பகலில நித்திரை எண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள். "ரண்டு நேரமும் கண் திறந்துதானே கிடக்கு."

"மீனுக்கு இமை இல்லை. கண் திறந்தபடிதான் நித்திரை கொள்ளும். செட்டை அசையுதோ எண்டுதான் பாக்க வேணும்."

"மனிசரெண்டால் லேசு," என்றாள். "கண் மூடினால் நித்திரை."

வெள்ளிக்கிழமை

இதற்கிடையில் ஒரு சங்கதி. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் கிடையாது. மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் படலை தாண்டி உள்ளே வராது. தொட்டி வந்த முதல் வெள்ளிக்கிழமையே அடுத்த வளவில் இருந்த என் தங்கை ராசம் வந்து கேட்டாள்.

"மச்சாள், வெள்ளிக்கிழமையும் வீட்டுக்குள்ள மீன் கிடக்கு. இது சரியே?"

"உயிரோட கிடக்கிறது மச்சமில்லை, மச்சாள். வேணுமெண்டால் உமக்கு ஒரு சுளகால மூடிவிடுறன்."

ஆனால் அவள் தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தாள். மற்ற நாட்களில் கெளிறுக்கு இறால் துண்டு அரிந்து போடுவாள். வெள்ளிக்கிழமை நாலு சோற்றுப் பருக்கைதான். "இந்த வீட்டில இருந்தால் இந்த வீட்டு விரதம்" என்பாள். அவை அதையும் தின்றன. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் அப்படியேதான் என்று அவற்றிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்தாள்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், அவளுக்கும் அந்த மீன்கள் பிடித்திருந்தன என்பதற்காக. அது எனக்கு ஒரு சாட்டாக உதவியது. அவளுக்கும் விருப்பம்தானே என்று நினைத்துக்கொள்ள முடிந்தது.

ஒரு வீட்டுக்கு இரண்டு குடம்

எங்கள் தீவில் வளவுக்கு ஒரு கிணறு உண்டு. மாரி பெய்து முடிந்து சில மாதங்களுக்கு அந்தத் தண்ணீர் வாயில் வைக்கலாம். கோடை ஏற ஏற உப்பும் ஏறும். குளிக்கலாம், கத்தரிக்கு விடலாம், குடிக்க ஏலாது. குடிப்பதற்கு நல்ல தண்ணிக் கிணறு ஒன்றுதான். கோயில் வயலின் ஓரத்தில், எங்கள் வீட்டிலிருந்து அரை மைலில் இருந்தது.

கோடையில் அந்தக் கிணற்றுக்கு ஒரு கட்டுப்பாடு வரும். ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு குடம். குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும். யாரும் எழுதி ஒட்டியதில்லை. தண்ணீர் அள்ள வரும் பெண்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டது. மீறினால் அபராதம் இல்லை. ஆனால் அந்த வீட்டின் பெயர் அடுத்த மாரி வரை கிணற்றடியில் அடிபடும்.

அந்த வருடம் மாரி நன்றாகப் பெய்ததால் சித்திரை விடுமுறை முடியும் மட்டும் எங்கள் வளவுக் கிணறு தாங்கியது. வைகாசியில் ஒரு மாலை, தொட்டியில் கெளிறு மூன்றும் அடிக்கடி மேலே வந்து வாயைப் பிளந்தன. கிணற்றுத் தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்த்தேன்.

"இது இனிச் சரிவராது," என்றேன். "இவைக்கு நல்ல தண்ணி வேணும்."

"எவ்வளவு?"

"திங்கள், புதன், வெள்ளி. ஒவ்வொரு தரமும் ஒரு குடமும் ஒரு வாளியும்."

"ஓம்," என்றாள்.

எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான். காற்று ஊதும் கருவிக்கு மின்சாரம் வேண்டும், அது இல்லாதபடியால் தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும் என்று அவளுக்கு விளக்கமாகச் சொன்னேன். தண்ணீரை யார் கொண்டுவருவது என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து நான் வீடு வரும்போது குடமும் வாளியும் தொட்டிக்குப் பக்கத்தில் நிரம்பியிருக்கும். வாளியில் ஒரு பூவரசம் இலை மிதக்கும். அதை எடுத்து எறிந்துவிட்டு நான் தண்ணீரை மாற்றுவேன். வீட்டுக்குரிய இரண்டு குடம் போக, இது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். நான் கேட்கவில்லை என்பதே சரி.

விடிய இரண்டு குடம் எடுத்தவள் மறுபடியும் வரிசையில் நிற்க ஏலாது. மீனுக்கு என்று சொல்லவும் ஏலாது. அதனால் கிணற்றடியில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துப் போயிருக்கிறாள். ஆனி மாத வெயிலில் அப்படி ஒரு நேரம்தான் உண்டு.

கடலைப் பார்க்க வந்தவர்

அந்த நேரத்தில்தான் என் பஸ் அந்த இடத்துக்கு வந்தது.

இறங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். பஸ்ஸில் பாதிப்பேர் என்னைத் தெரிந்தவர்கள். அத்தனை பேர் முன்னாலும் மாஸ்ரர் இறங்கி மனைவியின் இடுப்பிலிருந்து குடத்தை வாங்க வேண்டும். ஒரு நாள் வாங்கினால் என்றும் வாங்க வேண்டும். இல்லையென்றால் மீனை விட வேண்டும். எனக்கு இரண்டுக்கும் மனமில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஊர்காவற்றுறையில் பஸ் கடைசியாக நின்றதும் இறங்கித் துறைமுகத்துப் பக்கம் போய் ஒரு கல்லில் இருந்தேன். வழமையான நேரத்துக்கு வீடு போக வேண்டுமே. அங்கே சந்தியாப்பிள்ளை என்னைக் கண்டுவிட்டார். சைக்கிளில் பெட்டி கட்டி எங்கள் ஊருக்கு மீன் கொண்டுவருகிறவர். எல்லாருக்கும் சந்தியா அண்ணை.

"என்ன மாஸ்ரர், இந்த நேரத்தில இஞ்ச?"

"சும்மா. கடலைப் பாக்க வந்தனான், அண்ணை."

"உங்கட ஊரைச் சுத்தியும் கடல்தானே. அது காணாதோ?"

சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

வழமையான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். நாகேஸ் என் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தது போலிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. மற்ற நாட்களில் வந்ததும் தேத்தண்ணீர்தான். அன்று முதலில் ஒரு செம்பு நிறைய நல்ல தண்ணீர் தந்தாள். "குடியுங்கோ, களைச்சுப்போய் வந்திருக்கிறியள்" என்றாள். அவள் இடுப்பில், சேலையில், குடம் பட்ட அடையாளம் இன்னும் இருந்தது.

குடித்தேன். பிறகு தொட்டித் தண்ணீரை மாற்றினேன்.

அந்தக் கிழமையோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல், திங்களும் புதனும் வெள்ளியும் பூவரசம் இலையை எடுத்து எறிந்தேன்.

அரைக்குடம்

ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை. வீட்டுக்குள் வந்ததும் முதலில் தொட்டிப் பக்கம்தான் பார்த்தேன். வாளி இல்லை. குடம் இருந்தது, அரைக்குடம். ஏன் அரைக்குடம் என்று நினைத்தேன். என் நினைவில் மாறாமல் இருக்கிற ஒழுங்கு இதுதான்: முதலில் குடத்தைப் பார்த்தேன், அதற்குப் பிறகுதான் மூலையில் ராசத்தின் தோளில் சாய்ந்திருந்த என் மனைவியைப் பார்த்தேன். வலது கை மூங்கில் தப்பைகளுக்கு நடுவில் கட்டப்பட்டு நெஞ்சோடு கிடந்தது. எண்ணெய் மணத்தது.

"முறிவுப் பரியாரியார் வந்து கட்டிப்போட்டுப் போயிட்டார்," என்றாள் ராசம்.

"ஒண்டுமில்லை. கல்லு பாசி," என்றாள் நாகேஸ்.

கொஞ்ச நேரத்தில் சந்தியா அண்ணை என்னைத் தேடி முற்றத்துக்கு வந்தார். மத்தியானம் மீன் விற்றுவிட்டுத் திரும்பும்போது அவளைக் கண்டிருக்கிறார். வீதியோரத்தில், வேலி நிழலில் கையைப் பிடித்தபடி இருந்தாளாம்.

"தங்கச்சி, சைக்கிளில ஏறும், கொண்டுபோய் விடுறன் எண்டனான். குடத்தை விட்டிட்டு வரமாட்டன் எண்டு நிண்டவ. பேந்து மீன் பெட்டியை அங்கயே வைச்சிட்டு, அந்த இடத்தில குடத்தைக் கட்டி, நானும் அவவும் நடந்து வந்தம். பாதி சிந்திப்போச்சு."

"பெரிய உபகாரம், அண்ணை."

அவர் சைக்கிளைத் திருப்பினார். திருப்பியவர் நின்றார்.

"மாஸ்ரர், கோவிக்காதையுங்கோ. வேலையில்லாத நாளில கடலைப் பாக்க வாற நேரத்துக்கு, ஒரு சைக்கிளில ரண்டு தண்ணிக் கான் கட்டலாம்."

அவர் போன பிறகு ராசம் வேலியடியில் வைத்து மீதியைச் சொன்னாள். கிணற்றடியில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டதாம். மீன்காரி என்று பட்டம் வைத்திருக்கிறார்களாம். "நாகேஸ், உன்ர மீனுக்கு இண்டைக்குத் தாகமே?" என்று கேட்பார்களாம். மச்சாள் சிரித்துச் சமாளிப்பாளாம்.

"அண்ணை, உங்களுக்கு இது தெரியாதே?" என்று கேட்டாள்.

"தெரியாது," என்றேன்.

கட்டு அவிழ்த்தபோது மணிக்கட்டு ஒரு பக்கம் சற்றுத் திரும்பி நின்றது. பரியாரியாரில் பிழையில்லை. ஆறுவதற்கு முன்பே சமைக்கக் குசினிக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு போத்தல் மூடியைத் திருகவும் அவளுக்கு இடது கை வேண்டியிருந்தது.

தணல்

விழுந்த மறுநாளே மூன்று கெளிறையும் பழைய பிஸ்கட் ரின்னில் போட்டுக் கல்லூரி ஆய்வுகூடத்தில் கொண்டுபோய் விட்டேன். அதைத் தியாகம் என்று அப்போது நினைத்தேன். குடிதண்ணீரையும் அன்றிலிருந்து நானே சைக்கிளில் கொண்டுவந்தேன். முதல் நாள் கிணற்றடியில் சிரித்தார்கள். நாலாம் நாள் ஒருத்தி தன் குடத்தை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். இவ்வளவு லேசான வேலை அது.

ஆனால் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்த நாகேசுக்கு மாலை நேரம் போகவில்லை.

"வெறுந் தொட்டியைப் பாக்க ஏலாமல் கிடக்கு," என்றாள். "செத்த வீடு மாதிரி."

அடுத்த முறை சந்தியா அண்ணை படலையில் மணி அடித்தபோது, அவளே எழும்பிப் போனாள். நானும் பின்னால் போனேன். அன்று சனிக்கிழமை.

"அண்ணை, எனக்குக் கொஞ்சம் மீன் வேணும். உயிரோட."

"கறிக்கே?"

"இல்லை. பாக்க."

சந்தியா அண்ணை என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ரண்டு சொல்லு," என்றாள் நாகேஸ். "இருட்டில முழிச்சிருக்க வேணும். எங்கட வளவுக் கிணத்துத் தண்ணியில சீவிக்க வேணும். வேற தண்ணி கேக்கிறது ஒண்டும் இந்த வீட்டுக்கு வேண்டாம்."

நான் வாங்கியபோது எழுதிவைத்த அடையாளங்களில் மீசை இருந்தது, நிறம் இருந்தது, பொந்து இருந்தது. தண்ணீர் இருக்கவில்லை.

அவர் யோசித்தார். "அப்ப ஆழமில்லாத பரவைக் கடலில கிடக்கிறதுதான் சரி. மாரியில நல்ல தண்ணி, கோடையில உப்பு, ரண்டுக்கும் பழகினது. கெளிற்றுக் குஞ்சு தரலாம். முள்ளுக் கவனம். உளுவை தரலாம், ஆனால் அது பகலிலயும் முழுசிக்கொண்டு கிடக்கும்."

"பகலில முழுசிறது வேண்டாம். அதுக்கு இஞ்ச நான் இருக்கிறன்."

இரண்டு நாள் கழித்து ஒரு வாளியில் கடல் தண்ணீரோடு கொண்டுவந்தார். சின்னக் கெளிறு இரண்டு. அவற்றோடு, கேட்காமலே, விரல் நீளத்தில் ஏழெட்டு இறால். நான் இரண்டு தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கினேன். அது எனக்குத் தெரிந்த வேலை. அடியில் பரவைக் கடல் மணலைப் போட்டோம். விட்டதும் இறால் எல்லாம் மணலுக்குள் புதைந்து காணாமற்போயின.

"காசுக்கு மணல் வாங்கின மாதிரிக் கிடக்கு," என்றாள்.

பொழுதுபட்டது. சிவப்புத் தாளுக்குப் பின்னால் லாம்பை வைத்தேன். மணல் அங்கங்கே அசைந்தது. மீசைகள் வந்தன. பிறகு கண்கள். இறாலின் கண் இருட்டில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஒரு சோடி, இன்னொரு சோடி, அதற்கப்பால் இன்னொன்று. அடுப்பில் சாம்பலைக் கிளறினால் தெரியும் தணல் போல அவை தொட்டி முழுவதும் நடந்தன.

நாகேஸ் தப்பை கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைக் கண்ணாடியோடு வைத்துப் பார்த்தாள்.

"கொழும்புக்குப் போய் எதைத் தேடினனீங்கள்?" என்றாள்.

குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டாள்.

லாம்பு

அந்தத் தொட்டி பல வருடம் எங்கள் வீட்டில் இருந்தது. இறாலுக்கு ஆயுள் குறைவு. ஒவ்வொரு மாரி முடியவும் சந்தியா அண்ணை புதிதாகக் கொண்டுவந்து தருவார். மகள் பிறந்து, அந்த வெளிச்சத்தில் தவழ்ந்து, வளர்ந்து, யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படிக்கப் போனாள். மின்சாரமும் வந்தது. கிணற்றடி மீன்காரிக் கதையையும் ஊர் மறந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம். ஓர் இரவு மின்சாரம் நின்றுவிட்டது. பழைய லாம்பை எடுத்துக் கொளுத்தித் தொட்டிக்குப் பின்னால் வைத்தோம். நான் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். நாகேஸ் பக்கத்தில் மர வாங்குப் பலகையில் இருந்தாள். கொஞ்ச நேரம் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சிரிக்கிறீர்?" என்றேன்.

"ஒரு பழைய கதை. இவ்வளவு காலமும் உங்களுக்குச் சொல்லேல்லை. என்ர கை முறிஞ்ச வருசம், அதுக்குக் கொஞ்சம் முந்தி. நான் மத்தியானம் தண்ணி கொண்டு வரேக்க ஒரு பஸ் போச்சுது. யன்னலுக்குப் பக்கத்தில நீங்கள்."



"நல்ல நித்திரை," என்றாள். "வாயும் திறந்து கிடந்தது. கொப்பியெல்லாம் மடியால விழப்போகுது எண்டு எனக்குப் பயம். கூப்பிட வாயெடுத்தனான். பேந்து நினைச்சன், பாவம் மனிசன், விடியக்காத்தால எழும்பி ஓடுறவர், ஒரு கண் நித்திரை கொள்ளட்டும் எண்டு. பாத்தால் பஸ் எங்கட ஒழுங்கையையும் தாண்டிப் போட்டுது. ஊர்காவற்றுறையில போய்த்தான் முழிச்சிருப்பியள். பின்னேரம் ஒண்டும் நடக்காத மாதிரி வந்து நிண்டியள். கேட்டால் வெக்கப்படுவியள் எண்டு நானும் கேக்கேல்லை. ஒரு செம்பு தண்ணி தந்தன். நினைவிருக்கே?"

வாய் திறந்திருந்தது உண்மை. கண்ணை மட்டும் மூடினால் நம்பமாட்டாளோ என்று பயந்து வாயையும் திறந்து வைத்திருந்தேன்.

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இனி வராது என்று எனக்குத் தெரிந்தது. அவள் கோபிக்கமாட்டாள் என்றும் தெரிந்தது. ஆனால் பதினைந்து வருடமாக அவள் எனக்குள்ளே ஒரு களைத்த மனிதனைக் கண்டு, அவனுக்கு இரங்கி, அவன் வெட்கப்படக் கூடாதென்று காத்து வந்திருக்கிறாள். அந்த மனிதன் இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்.

நான் கண்ணைத் திறக்கவில்லை.

"என்ன, நித்திரையே?" என்றாள்.

மூச்சைச் சீராக விட்டேன்.

அவள் எழும்பும் சத்தம் கேட்டது. என் முகத்தில் வெளிச்சம் படாமலிருக்க லாம்பின் திரியைக் குறைக்கப் போனாள். அந்தத் திருகு வலது பக்கம் இருந்தது. அவளுடைய வலது மணிக்கட்டு திரும்பாது. இடது கையைக் குறுக்கே கொண்டுபோய், மெல்ல மெல்லத் திருகினாள். வேறொருவர் செய்தால் ஒரு கணத்தில் முடியும். அவளுக்கு நெடுநேரம் எடுத்தது. பல்லுச் சக்கரத்தின் ஒவ்வொரு கடியையும் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

அவள் போய் இப்போது பல வருடங்களாகிவிட்டன. மகளே, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். உன் அம்மாவிடம் சொல்லாமல் விட்டதை உன்னிடம் சொல்லி என்ன பயன் என்று தெரியவில்லை. ஆனாலும் அவள் பெயர் சொல்லி ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

நான் முழிச்சுத்தான் கிடந்தனான், நாகேஸ். ரண்டு தரமும்.